பிஞ்சணி

பெங்களூரில் ஓய்வுபெற்ற காவலர் வாயில் ஓய்வூதியம் பிஞ்சணி; அரசுக் கோப்பில் நிவ்ருத்தி வேதனம். நிறுத்துக் கொடுத்தல் எனப் பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்து, ஆங்கில ‘பென்ஷன்’ வழியே வந்த சொல். தமிழில் முன்பு ‘உபகாரச் சம்பளம்’ என்றார்கள். பொருந்தாத பெயர்: ஓய்வூதியம் யாரும் இரங்கிப் போடும் கொடையல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே சொல்லிவிட்டது.

வழக்குக்கு இழுப்பது இதன் ஒரு கிளை, ‘இன்வேலிட் பென்ஷன்’. ‘இன்வேலிடஸ்’ என்றால் லத்தீனில் வலுவற்றவன். (செல்லாத சீட்டுக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான், கொடுமை.) உடலோ மனமோ நிரந்தரமாகத் தளர்ந்து வேலைக்கு ஆகாதவர் என மருத்துவக் குழு சான்றளித்தால், ஓய்வு வயதுக்கு முன்பே அனுப்பிவிட்டுத் தருவது இது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சச்சரவு இங்கேதான். 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. கால் இழந்த மத்தியப் படைக் காவலர் ஒருவரின் வழக்கில், இந்தப் பென்ஷன் கிடைத்தது என்பதற்காக அந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மருத்துவக் குழுவுக்குப் போகும் காவலர்களே, விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20(4)ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள்.