சவலைப் பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள்!
(சிறார் இருதய வைத்தியம் நம் வட்டாரத்துக்கு வந்த வரலாறு)



"நம்ம ஊர் வரலாறு ஏதாவது எழுதுங்க" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். மலைக்கோட்டை, ஹைதர் அலி, திப்பு, பூட்டு, சிறுமலை வாழைப்பழம் என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஒரு கூலிக்காரர் வீட்டுக் குழந்தை பிழைத்துக்கொள்வதற்கும் ஒரு வரலாறு இருக்கிறதல்லவா? அதைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவற்றில் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். இது உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே கணக்குதான். பணக்காரர் வீடு, ஏழை வீடு என்ற பேதம் அதற்குக் கிடையாது. வேடசந்தூரிலும் நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் என்றைக்கும் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நம் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர்கள் வேறு. பால் குடிக்கும்போதே வியர்த்து, களைத்து, பாதியில் விட்டுவிடும் குழந்தையைச் "சவலை" என்றார்கள். அழுதால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைக்குக் "காத்துக் கருப்பு பட்டிருக்கு" என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். நாலு அடி ஓடிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும் பையனைச் "சோம்பேறி" என்று திட்டினார்கள். அந்தத் தாய்மார்களைக் குறை சொல்லி என்ன பயன்? அன்றைக்குப் பெரிய டாக்டர்களிடமே மருந்து கிடையாது.

அந்த நிலை மாறத் தொடங்கியது வெளிநாட்டில். 1938-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்ற டாக்டர், பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாமலே இருந்த ஒரு சிறுமிக்கு அதைக் கட்டிச் சரிசெய்தார். 1944-ல் பால்டிமோரில் ஹெலன் டாசிக் அம்மையாரின் யோசனைப்படி, ஆல்ஃபிரெட் பிளேலாக் நீலக் குழந்தைக்கு அறுவை செய்தார். அப்போது அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொடுத்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர். கல்லூரிப் படிப்புக்குப் பணமில்லாமல் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். மாணவ மணிகள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1953-ல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சிறிது நேரம் தானே பார்க்கும் இயந்திரத்தை வைத்து, ஒரு பெண்ணின் இருதய ஓட்டையை மூடிக் காட்டினார்.

இந்த வித்தை நம் தமிழ்நாட்டுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1940-களின் கடைசியிலேயே ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கிவிட்டார். அங்கேயே 1962-ல் டாக்டர் என். கோபிநாத் திறந்த இருதய அறுவையை வெற்றிகரமாகச் செய்தார். நம் நாட்டில் நடந்த முதல் சில திறந்த இருதய அறுவைகளில் அதுவும் ஒன்று. பின்னர் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை பெயர் பெற்றது. அங்கே பணியாற்றிய டாக்டர் கே.எம். செரியன் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் உருவாக முன்னின்றார்.

வேலூரில் வைத்தியம் வந்துவிட்டது, சரி. குஜிலியம்பாறைக் குழந்தைக்கு வந்ததா? இல்லை. அந்தப் பிள்ளைக்கு இருதயக் கோளாறு என்று யாராவது கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தாலும், ரயில் ஏறி, கண்காணாத ஊரில் வாரக்கணக்கில் தங்கி, நிலத்தை விற்றாலும் கட்டமுடியாத பணத்தைக் கட்ட வேண்டும். ஆக, வைத்தியம் இருந்தும் இல்லாதது போலத்தான். இந்த இடைவெளியைக் கடக்க நமக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது.

இங்கே நம் வட்டாரம் பெருமைப்படத்தக்க ஒரு செய்தி உண்டு. 1947-ல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையார், கஸ்தூரிபா மருத்துவமனை மூலம் தாய்சேய் நலத்தைக் கிராமத்து வாசலுக்கே கொண்டுவந்தார். ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் காந்திகிராமத்தார் செய்த சுகாதாரப் பணி நாட்டுக்கே ஒரு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. அது இருதய வைத்தியம் அல்ல. ஆனால் நோயாளி வரட்டும் என்று காத்திராமல் நாமே வீடு தேடிப் போக வேண்டும் என்ற பாடம் அதில் இருந்தது. பிற்காலத்தில் சிறார் இருதய வைத்தியத்துக்குக் கைகொடுத்தது அந்தப் பாடம்தான்.

2008-ல் தமிழக அரசு சிறார் இருதய அறுவைக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று தொடர்ந்தது. ஆட்சிகள் மாறினாலும் இந்த வேலை நிற்கவில்லை; அது நம் மாநிலத்துக்கு நல்ல பேர். 2013-ல் மத்திய அரசின் தேசியச் சிறார் நலத் திட்டம் வந்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழுவே வந்து பரிசோதிக்கிறது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் எத்தனையோ பிள்ளைகளின் தலையெழுத்து மாறியிருக்கிறது. 2022-ல் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஹெய்தி என்ற ஏழைத் தீவு நாட்டைப் பாருங்கள். அங்கே இருதயக் குறையுள்ள பிள்ளைகளைக் கடல் கடந்துதான் பெரும்பாலும் அனுப்ப வேண்டியிருக்கிறது. அவர்கள் போகும் இடங்களில் ஒன்று கேமன் தீவு. அங்கே 2014-ல் மருத்துவமனை திறந்தவர் நம் பெங்களூர் டாக்டர் தேவி ஷெட்டி! அந்தத் தாய்க்குக் குறுக்கே கடல் நிற்கிறது. நம் தாய்க்குக் குறுக்கே நிற்பவை அறியாமையும் பயமும் பஸ் செலவும்தான்.

நம் வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. சில கோளாறுகள் பிறந்த சில நாட்களிலேயே உயிரைக் குடித்துவிடும். அந்தக் குழந்தை பள்ளிக்கூடப் பரிசோதனை வரை இருக்காது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்ஸிஜன் மானியைப் பிறந்த குழந்தையின் கையிலும் காலிலும் வைத்துப் பார்த்தால் பல கோளாறுகளை வீட்டுக்கு அனுப்புமுன்பே பிடித்துவிடலாம். பக்கத்துக் கேரளத்தில் 2017-ல் தொடங்கிய 'ஹ்ருத்யம்' திட்டம், குழந்தையின் பெயரைப் பதிவு செய்து, பொருத்தமான மருத்துவமனைக்கு அனுப்பி, பின்னும் தொடர்ந்து கவனிக்கிறது. நாமும் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று, பிறவிக் கோளாறு அல்லாத நோய். தொண்டை வலியைக் கவனிக்காமல் விட்டு, பிறகு மூட்டு வீங்கி, அது இருதய வால்வைக் கெடுக்கிறது. இதற்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில் போட வேண்டும். ஊசிக்கு ஆகும் செலவு சொற்பம்தான். ஆனால் "இப்பத்தான் நல்லா இருக்கானே" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் வருகிறது ஆபத்து.

நம் சங்கத்தில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வகுப்பில் ஓட முடியாமல் உட்காரும் பிள்ளையை அதட்டாதீர்கள்; பரிசோதனைக்கு அனுப்புங்கள். வருவாய்த்துறை நண்பர்களே, வருமானச் சான்றுக்கு வரும் தாயை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பாதீர்கள். காப்பீட்டு அட்டைக்கு அந்தத் தாள்தான் திறவுகோல். காப்பீடு அறுவைக்குப் பணம் தரும். இழந்த கூலியைத் தராது. மதுரைக்கும் சென்னைக்கும் போகும் குடும்பத்துக்கு வழிச்செலவும், துணைக்கு ஓர் ஆளும் சங்கம் தரமுடியாதா? நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களே, முகாமுக்குப் போகும் கிராமத்தில் பென்சிலின் ஊசி நாளைத் தவறவிட்ட பிள்ளைகள் உண்டா என்று கிராம செவிலியரைக் கேளுங்கள்.

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. திறவுகோல்களும் நம் கையில்தான் இருக்கின்றன.

வளர்க நம் கல்லூரி! வாழ்க நம் பிள்ளைகள்!