கொழுந்தும் மலரும்

கொட்டகலை மலைச்சரிவுகளில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்களின் விரல்கள் நாடுவன இரண்டு இலையும் ஒரு மொட்டும். அம்மொட்டு இலையாக விரிவது, பூவாக மலர்வதன்று. வெண்ணிறத் தேயிலைப் பூவைத் தோட்டம் விரும்புவதில்லை. விடாது கொழுந்தெடுப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவதும், மரமாக ஓங்கிப் பூத்துக் காய்க்க வேண்டிய செடியை என்றும் இளமையில் நிறுத்தும் உபாயங்களே.

ஆயினும், இம்மலைகளை முதலில் பசுமையாக்கியவை பூவிற் பிறந்த விதைகளே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. காடழித்துக் கன்று நட்டவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்.

தேயிலைப் பூ தன் மகரந்தத்தால் எளிதிற் கருவுறாது; அயற்செடியின் மகரந்தத்தை வேண்டி நிற்கும். ஆதலின் ஒரு தாயின் விதைகளும் ஒரே தன்மையாய் அமைவதில்லை. ஒரு செடி கூடையை நிரப்பும்; அடுத்த செடி ஏமாற்றும். இக்குறையை நீக்க, 1925இல் நிறுவப்பெற்றுப் பின்னர் அண்டையிலுள்ள தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், சிறந்த செடிகளைத் தேர்ந்து, ஓர் இலையுடன் கூடிய தண்டுத் துண்டுகளால் அவற்றைப் பெருக்கும் முறையைப் பரப்பிற்று. டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் அவ்வழி வந்தவை.

பூவின்றியே செடி பெருகிற்று. எனினும், ஒரு தாயின் பிரதிகள் அனைத்தும் அதன் பலவீனத்தையும் பெறும். கோப்பிக்கு நேர்ந்த கதி மறக்கத்தக்கதன்று. புதிய எதிர்ப்பாற்றலை அளிக்கும் கலப்பிற்குப் பூவே வாயில். ஆகவே, பூ எவ்வாறு பிறக்கிறது என்னும் வினா தோட்டத்திற்கும் உரியதாயிற்று.

இலையே காலமறிந்து தளிர் நுனிக்குச் செய்தி அனுப்புகிறது என்று 1930களில் ரஷ்ய அறிஞர் சைலாகியன் கருதினார். அச்செய்தி ஒரு புரதம் என்பதை 2007இல் ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தார் நெல்லிலும், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர் கடுகினச் சிறுசெடி ஒன்றிலும் காட்டினர். அப்புரதம் சேர்ந்ததும் இலை விரிக்கும் நுனி பூ விரிக்கத் தொடங்கும். 2017இல் சீன ஆய்வாளர் தேயிலையின் மரபுத்தொகுதியை வெளியிட்டு, அதன் மலர்ச்சியையும் ஆராய வழி திறந்தனர்.

தேயிலை விதைக்கென வளர்க்கும் மரங்கள் கவ்வாத்துக்கு உட்படுவதில்லை. அவை தடையின்றி ஓங்கிப் பூக்கின்றன. இன்றைய கூடையை நிரப்புவது கொழுந்து. நாளைய கூடைக்குக் காவல் அம்மலர்.