களைத்துப்போன தையல்காரியும் விடுபட்டுப்போன சிறுமியும்

கல்லூரிகளில் மகளிர் நாள் பேச்சுப் போட்டிக்கு நடுவராக உட்காரும்போதெல்லாம் ரோசா பார்க்ஸின் கதை ஒருமுறையாவது காதில் விழும். நாள் முழுக்கத் தைத்துக் களைத்துப்போன ஓர் ஏழைத் தையல்காரி. மாலையில் பேருந்து ஏறுகிறார். வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திரு என்கிறார்கள். கால் வலி, எழ மறுக்கிறார். அமெரிக்கா விழித்துக்கொள்கிறது. மாணவி குரலை உயர்த்தி முடிக்கும்போது அரங்கம் கைதட்டும். நானும் தட்டுவேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி உறுத்தும். நமக்குச் சொல்லப்படும் கதைகளில் பெண் ஏன் எப்போதும் களைத்துப்போன பிறகே துணிகிறாள்? யோசித்து, திட்டமிட்டு, பல ஆண்டு பழகித் துணியமாட்டாளா?

ரோசா பார்க்ஸ் இதற்குத் தாமே பதில் சொல்லியிருக்கிறார். அன்று உடம்பு வழக்கத்தைவிட அதிகமாக ஒன்றும் அசந்திருக்கவில்லை, பணிந்து பணிந்துதான் அலுத்துப்போயிருந்தது என்ற பொருளில் தன் வரலாற்றில் எழுதினார். அவருக்கு அப்போது 42 வயது. வேலை, மாண்ட்கோமரி நகரத்தின் ஒரு பெரிய கடையில் தையல் பிரிவில். அது பிழைப்பு. 1943 முதல் அவர் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் நகரக் கிளைச் செயலாளராகவும் இருந்தார். 1944இல் அதே அலபாமா மாநிலத்தின் ஆபெவில் என்ற ஊரில் ரேசி டெய்லர் என்ற இளம் தாயை வெள்ளையர் கும்பல் ஒன்று வன்புணர்வு செய்தபோது, அங்கே போய் வாக்குமூலம் எழுதி எடுத்து, நீதி கேட்டு இயக்கம் நடத்த முன்நின்றவர்களில் ஒருவர் அவர். 1955 கோடையில் டென்னசி மாநிலத்தின் ஹைலாண்டர் பள்ளியில் சமூகப் போராட்டப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று அவரை எழச் சொன்ன ஓட்டுநர், 12 ஆண்டுகளுக்கு முன் அவரை வேறொரு பேருந்திலிருந்து இறக்கிவிட்ட அதே ஆள்.

அந்தப் பேருந்துகளின் விதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பக்கத்துப் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, கீழே இறங்கி, பின்வாசலுக்குப் போய் மறுபடி ஏற வேண்டும். காசு வாங்கிக்கொண்டு, ஆள் பின்வாசலை எட்டுமுன் வண்டியைக் கிளப்பிவிடும் ஓட்டுநர்களும் உண்டு. முன்பக்கம் நிரம்பினால் நடு வரிசையில் இருப்பவர்கள் எழ வேண்டும். ஒரே ஒரு வெள்ளைக்காரருக்காக அந்த வரிசையில் இருந்த நால்வருமே எழ வேண்டும், ஒரே வரிசையில் இரு நிறத்தவர் அமரக் கூடாது என்பதால். இத்தனைக்கும் பயணிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே. அவர்களிலும் நிறையப் பேர் வெள்ளையர் வீடுகளுக்குச் சமைக்கவும் துவைக்கவும் குழந்தை வளர்க்கவும் போய்வந்த பெண்கள்.

பேச்சுப் போட்டிகளில் வராத பெயர் ஒன்று உண்டு. கிளாடெட் கோல்வின். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, 1955 மார்ச் 2 அன்று, அதே நகரத்தில், பள்ளிவிட்டு வரும் வழியில் இடம்விட மறுத்தவள். வயது 15. கறுப்பின வரலாற்றைப் பிப்ரவரி மாதத்தில் பள்ளியில் பாடமாகப் படித்திருந்தாள். ஒரு தோளை ஹேரியட் டப்மனும் இன்னொரு தோளை சோஜர்னர் ட்ரூத்தும் அழுத்திப் பிடித்து உட்காரவைத்ததுபோல் இருந்தது என்று பின்னாளில் சொன்னார். இருவருமே அடிமைத்தளையிலிருந்து தப்பி, மற்றவர் விடுதலைக்கு உழைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்கள். வரலாற்றுப் பாடம் ஒரு சிறுமியின் தோள்வரை வந்து இறங்கும் என்பதற்கு வகுப்பறையில் நிற்கும் எனக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

காவலர்கள் அவளை இழுத்து இறக்கி, விலங்கு மாட்டி, பெரியவர்களுக்கான சிறையில் அடைத்தார்கள். சிறார் நீதிமன்றம் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் மற்றக் குற்றச்சாட்டுகள் விலகின. காவலரைத் தாக்கியதாகச் சொன்னது மட்டும் நின்றது. காலவரையின்றி நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தார்கள்.

அப்போதே பேருந்துகளைப் புறக்கணிக்கலாம் என்று சிலர் துடித்தார்கள். சமூகத்தின் தலைவர்கள் தயங்கினார்கள். சிறு பெண், படபடவென்று பேசுபவள், ஏழைக் குடும்பம், கறுத்த நிறம். பிறகு அவள் கருவுற்றாள், மணமாகாமலே. எதிரிகளின் வாய்க்கு அவல் கொடுக்கலாமா என்ற கணக்கு முடிந்துபோனது. அதே ஆண்டு அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித் என்ற 18 வயதுப் பெண் கைதானபோதும் இதே கதை. அவளுடைய தகப்பனார் குடிகாரர் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது பொய் என்று அவர் பின்னாளில் மறுத்தார். ஆனால் அன்று அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது.

தலைவர்களின் கணக்கில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பிழை கிடைத்தால் போராட்டத்தையே புதைத்துவிடக் காத்திருந்த ஊர் அது. எனினும் அநீதிக்கு ஆளானவள் முதலில் ‘நல்ல பெண்’ணாக இருக்க வேண்டும், பிறகுதான் நீதி கேட்கலாம் என்ற நிபந்தனையை அடக்கியவன் மட்டுமல்ல, அடக்கப்பட்டவனும் வைக்கிறான். அது நமக்குத் தெரியாத சங்கதியா என்ன? இங்கே ரோசா பார்க்ஸை எதிர்முனையில் நிறுத்திவிடக் கூடாது. கோல்வினின் வழக்குக்குப் பணம் திரட்டியவர்களில் அவரும் உண்டு. தான் வழிநடத்திய இளையோர் குழுவுக்கு அந்தச் சிறுமியை அழைத்துச் சேர்த்துக்கொண்டவரும் அவரே.

இனி, டிசம்பர் 1 இரவு. ரோசா பார்க்ஸ் பிணையில் வீடு திரும்பிவிட்டார். அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஜோ ஆன் ராபின்சன் நள்ளிரவுக்குமேல் கல்லூரிக்குப் போகிறார். உடன் ஒரு சக ஆசிரியர், இரண்டு மாணவர்கள். கல்லூரியின் ஸ்டென்சில் அச்சுப்பொறியில், நம் ஊரில் சைக்ளோஸ்டைல் என்போமே அதில், துண்டறிக்கை ஓட்டுகிறார்கள். ஒரு தாளில் மூன்று முறை அதே செய்தி; ஓட்டி முடித்து மூன்றாக வெட்ட வேண்டும். விடிவதற்குள் பல்லாயிரக்கணக்கான துண்டறிக்கைகள். காலை எட்டு மணிக்கு அவருக்கு வகுப்பு. வகுப்பை முடித்துக்கொண்டுதான் கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றிப் பள்ளிகள், கடைகள், அழகு நிலையங்கள் என்று கொண்டுசேர்த்தார்.

இதுவும் ஓர் இரவில் முளைத்ததல்ல. 1949இல் அவரே காலியான பேருந்தின் முன்பகுதியில் உட்கார்ந்து, ஓட்டுநரின் கத்தலுக்கு அஞ்சி, அழுதுகொண்டே இறங்கியவர். மேரி ஃபேர் பர்க்ஸ் என்ற பேராசிரியர் 1946இல் தொடங்கிய பெண்கள் அரசியல் பேரவைக்கு அடுத்த ஆண்டே தலைவரானார். ஆசிரியைகள் பலர் அதில் இருந்தார்கள். 1954 மே மாதம், ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, நகர மேயருக்குக் கடிதம் எழுதி, நடத்தை மாறாவிட்டால் பேருந்துகளைப் புறக்கணிப்போம் என்று எச்சரித்திருந்தார். திட்டம் தயாராக இருந்தது. நாள்தான் குறிக்கப்படாமல் இருந்தது.

அந்தத் துண்டறிக்கையில் அவருடைய பெயர் இல்லை. அரசு நிதியில் நடக்கும் கல்லூரி, வேலை போய்விடும். அடுத்த முறை நீங்களாக இருக்கலாம், உங்கள் மகளோ தாயோ ஆக இருக்கலாம் என்று அது பெண்களைச் சுட்டியே பேசியது. கோல்வினின் வழக்கையும் நினைவூட்டியது. ஆனால் அவசரத்தில் பெயர் மாறிவிட்டது. கிளாடெட் கோல்பர்ட் என்று அச்சாகியிருந்தது. அது ஹாலிவுட் நடிகை ஒருவரின் பெயர்.

டிசம்பர் 5, திங்கள்கிழமை. பேருந்துகள் காலியாக ஓடின. அன்று மாலை ஹோல்ட் தெரு தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். உலகம் அவரை அறியத் தொடங்கிய நாள் அது. மேடையில் இருந்த ரோசா பார்க்ஸ், தான் ஏதாவது பேச வேண்டுமா என்று கேட்டார். நீங்கள் பட்டது போதும், சொன்னது போதும், பேச வேண்டியதில்லை என்ற பதில் வந்தது. மரியாதையாகச் சொல்லப்பட்டதுதான். ஆனாலும் அந்த இரவில் அவர் பார்க்கப்பட்டார், கேட்கப்படவில்லை.

ஒருநாள் புறக்கணிப்பு 381 நாட்கள் நீண்டது. வீட்டுவேலைப் பெண்கள் குளிரிலும் மழையிலும் நடந்தார்கள். சுமார் 300 கார்கள் முறைவைத்து ஆட்களை ஏற்றிச் சென்றன. வேலைக்காரப் பெண்ணைத் தாமே காரில் ஏற்றி வந்த வெள்ளைக்கார எஜமானியரும் உண்டு; மேயர் அவர்களைக் கடிந்துகொண்டார். நகர நூலகத்தில் பணிபுரிந்த ஜூலியட் மோர்கன் என்ற வெள்ளையினப் பெண், இந்த நடை காந்தியின் உப்பு யாத்திரையை நினைவூட்டுகிறது என்று உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு எழுதினார். அவருக்குக் கிடைத்தவை வசவும் மிரட்டலும். 1957இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கார்களுக்குப் பெட்ரோல் போட யார் காசு கொடுத்தார்கள்? கொடுத்தவர்களில் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரி ஒருவர். ஆறு பிள்ளைகளின் தாய். தன்னிடம் காசு வாங்கிக்கொண்டு ஏற்றாமல் போன ஓட்டுநரைப் பற்றி 1956 மார்ச்சில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், வேலை போயிற்று. அவர் தன் வீட்டு அடுப்பையே தொழிற்சாலை ஆக்கினார். கோழி சாண்ட்விச், பை, கேக் என்று பெண்கள் கூடிச் செய்து விற்று, வந்த பணத்தை வாராவாரம் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தக் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராதோர் சங்கம்’ என்று பொருள்படும்படி ஒரு பெயர். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்லலாம். யார் வேலையும் போகாது. பெயர் இல்லாமல் இருப்பதைப் பெண்கள் இங்கே கேடயமாகப் பிடித்தார்கள். பிறகு வரலாறு அந்தக் கேடயத்தையே காரணமாக்கி அவர்களை மறந்தது.

புறக்கணிப்பு நிர்வாகத்தைத் திணறடித்தது. இருக்கைச் சட்டத்தை உடைத்ததோ ஒரு வழக்கு. 1956 பிப்ரவரியில் பதிவான அந்த வழக்கில் ரோசா பார்க்ஸ் இல்லை. அவருடைய வழக்கு மாநில நீதிமன்ற மேல்முறையீட்டில் சிக்கியிருந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் ஆரேலியா பிரவுடர், எழுபதைக் கடந்த சூசி மெக்டொனால்ட், ‘குடிகாரரின் மகள்’ மேரி லூயிஸ் ஸ்மித், ‘கெட்டுப்போன சிறுமி’ கிளாடெட் கோல்வின். ஐந்தாவதாகச் சேர்ந்த பெண் மிரட்டல் தாங்காமல் விலகிக்கொண்டார். தலைமைக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பெயரில்தான் அந்த வழக்கு நடந்தது.

1956 மே 11 அன்று கோல்வின் சாட்சிக் கூண்டில் ஏறினார். வயது 16. சில வாரக் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். உங்களுக்குத் தலைவர் யார் என்று நகரத் தரப்பு வழக்கறிஞர் துருவினார். கிங்கின் பெயரைச் சொல்லவைத்து, வெளியிலிருந்து வந்த ஒருவர் தூண்டிவிட்ட கலகம் என்று காட்ட நினைத்திருப்பார். எங்களுக்கு நாங்களேதான் தலைவர்கள் என்றார் அந்தப் பெண். ஜூன் மாதம் மூன்று நீதிபதிகளில் இருவர் இருக்கைப் பாகுபாடு செல்லாது என்றார்கள். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. டிசம்பர் 21 முதல் யாரும் எங்கும் உட்காரலாம்.

வெற்றிக்குப் பின் இந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? ரோசா பார்க்ஸ் வேலையிழந்து, 1957இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். ராபின்சனின் வீட்டுச் சன்னலில் கல் விழுந்தது, காரில் அமிலம் ஊற்றப்பட்டது. 1960இல் அந்தக் கல்லூரியைவிட்டு வெளியேறினார். கோல்வின் நியூயார்க் போய், முதியோர் இல்லமொன்றில் செவிலியர் உதவியாளராக 35 ஆண்டுகள் வேலை பார்த்தார். இத்தனை காலமும் அந்தச் சிறார் வழக்குக் குறிப்பு அப்படியே இருந்தது. 2021இல், தன் 82ஆம் வயதில், அதை நீக்கும்படி மாண்ட்கோமரி நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். உலகம் முன்னேற முடியும் என்று பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அந்த ஆண்டே குறிப்பு அழிக்கப்பட்டது. 66 ஆண்டுகள்!

ரோசா பார்க்ஸின் பெருமையில் இதனால் ஓர் இழையும் குறையாது. அவரைத் தனியே உட்காரவைத்த கதைதான் அவரைச் சிறியவராக்குகிறது. தற்செயலாக ஒருத்தி எழ மறுத்தாள் என்று கேட்கும் மாணவி, அப்படியொரு கணம் தனக்கு வாய்க்குமா என்று காத்திருப்பாள். ஒன்பது ஆண்டு நடந்த ஒரு பேரவை, மேயருக்குப் போன ஒரு கடிதம், விடியவிடிய வெட்டிய தாள்கள், வாராவாரம் சுட்ட கேக்குகள் என்று கேட்டால், அவற்றில் ஏதோ ஒன்றைத் தன்னாலும் செய்ய முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த பேச்சுப் போட்டியில் ‘களைத்துப்போன தையல்காரி’ வந்தால் நான் மதிப்பெண்ணைக் குறைக்கப்போவதில்லை. போட்டி முடிந்ததும் அந்த மாணவியைத் தனியாக அழைத்து, கிளாடெட் கோல்வினைத் தெரியுமா என்று கேட்பேன். அந்தப் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளச் சொல்வேன்.