1963 என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்துப் போட்டி

அமெரிக்கக் கல்லூரிகளின் ஆடவர் அணிகளுக்காக 1939 முதல் பருவ இறுதியில் நடத்தப்படும் போட்டியின் 25ஆம் ஆண்டு ஆட்டங்கள். பங்கேற்ற அணிகளும் 25. சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகம் பட்டம் வென்றது. ஜார்ஜ் அயர்லாந்து பயிற்சியளித்த அந்த அணியில் முதல் ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர்; அன்று அது பெரும் துணிச்சல். முதல் சுற்றில் டென்னசி டெக் அணியை 111-42 என்று நொறுக்கியது.

அடுத்து எதிர்ப்பட்டது வெள்ளையர் மட்டுமே ஆடிய மிசிசிப்பி ஸ்டேட். கறுப்பர் இருக்கும் அணியுடன் மோதக் கூடாது என்ற எழுதப்படாத விதியால் 1959, 1961, 1962 ஆகிய மூன்று முறையும் தகுதி பெற்றும் அந்த அணி போட்டிக்கு வரவில்லை. இம்முறை பல்கலைக்கழகத் தலைவர் டீன் கால்வர்ட் போகச் சொல்லிவிட்டார். ஆளுநர் ராஸ் பார்னெட் எதிர்த்தார்; அணி மாநிலத்தை விட்டு வெளியேற நீதிமன்றமும் தடை விதித்தது. உத்தரவு கைக்கு வருமுன்னரே பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி காரில் மெம்ஃபிஸுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை, காவலர் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்க மாற்று ஆட்டக்காரர்கள் முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பப்பட்டனர். வழி தெளிவான பிறகே முதன்மை வீரர்கள் கிளம்பினார்கள். முந்தைய ஆண்டுதான் கறுப்பின மாணவர் ஜேம்ஸ் மெரடித்தின் பல்கலைக்கழகச் சேர்க்கையை எதிர்த்து அதே மாநிலத்தில் கலவரம் வெடித்து இருவர் இறந்திருந்தனர் என்பதை நினைத்தால், அந்த மாணவர்கள் எடுத்த முடிவின் கனம் புரியும்.

மார்ச் 15 அன்று மிச்சிகனின் ஈஸ்ட் லான்சிங்கில் ஆட்டம் தொடங்குமுன் அணித்தலைவர்களான லொயோலாவின் ஜெர்ரி ஹார்க்னஸும் மிசிசிப்பி ஸ்டேட்டின் ஜோ டான் கோல்டும் கைகுலுக்கினர். கேமரா ஒளி இடைவிடாமல் மின்னியது. லொயோலா 61-51 என வென்றது.

அரையிறுதியில் டியூக்கை 94-75 என வீழ்த்திய லொயோலா, மார்ச் 23இல் லூயிவில் நகரில் இரு முறை நடப்புச் சாம்பியனான சின்சினாட்டியைச் சந்தித்தது. களமிறங்கிய பத்துப் பேரில் எழுவர் கறுப்பினத்தவர். இரண்டாம் பாதியில் 15 புள்ளிகள் முன்னிலை பெற்ற சின்சினாட்டி, பந்தைத் தன்வசம் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தப் பார்த்தது. ஒரு வீசலுக்கு இத்தனை நொடி என்ற கெடு கல்லூரி ஆட்டத்தில் அப்போது கிடையாது. லொயோலா விடாமல் நெருக்கிப் பறித்தது; கடைசி நொடிகளில் ஹார்க்னஸ் 54-54 என்று சமன் செய்தார். கூடுதல் நேரம் முடியும் தறுவாயில், லொயோலாவின் ஹன்டர் எறிந்து குறி தவறிய பந்தைச் சக வீரர் விக் ரவுஸ் கூடைக்குள் தட்டிவிட்டார்: 60-58. மாற்று ஆட்டக்காரர் ஒருவரைக்கூட இறக்காமல் லொயோலாவின் ஐவரே முழு ஆட்டத்தையும் ஆடி முடித்தது இன்றும் வியப்பூட்டுகிறது.

மிசிசிப்பி ஸ்டேட் அங்கம் வகித்த தென்கிழக்கு லீக்கில் முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரராக வாண்டர்பில்ட்டின் பெரி வாலஸ் களமிறங்க 1967 ஆகிவிட்டது.