சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம்

சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் என்பது ஐதராபாத்தில் அமைந்துள்ள ஒரு பசுமைக் கட்டிடம் ஆகும். இந்தியத் தொழில் கூட்டமைப்பு, அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு, கோத்ரெஜ் குழுமம் ஆகியவை இணைந்து இதனை உருவாக்கின. 2003 ஆம் ஆண்டில் லீட் பிளாட்டினம் தரச்சான்றைப் பெற்ற இது, அமெரிக்காவுக்கு வெளியே அச்சான்றைப் பெற்ற முதற் கட்டிடம் ஆகும். 2004 சூலை 14 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இதனைத் திறந்து வைத்தார்.

அமைப்பு

வெளிக்காற்று காற்றுக் கோபுரங்களில் ஓரளவு குளிர்ந்த பின்னரே குளிரூட்டிகளை அடைவதால் மின்தேவை குறைகிறது. கூரைத் தோட்டம் வெப்பத்தைத் தடுக்கிறது. நடுமுற்றம் அறைகளுக்குப் பகலொளி தருகிறது. கழிவுநீர் தாவர வேர்களின் வழியே தூய்மையாக்கப்பட்டு மீளப் பயன்படுகிறது.

முக்கியத்துவம்

பசுமைக் கட்டிடங்களின் தொடக்கச் செலவு பெரும்பாலும் கூடுதலானது. சேமிப்போ பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே கிடைக்கும். எனவே முதலில் கட்டுவோர் தயங்குவர். இங்கு முன்மாதிரியின் சுமையைத் தொழில்துறையும் அரசும் பகிர்ந்துகொண்டதால், பிறர் நேரில் கண்டு முடிவெடுக்க வாய்ப்பு ஏற்பட்டது.