கப்பலில் உடைநெறி

கடல் காணாத ராயக்கோட்டையிலிருந்து கப்பலின் உடைநெறியை ஆராய்வதா எனக் கவிஞர்கள் நகைக்கலாம். எனினும் நம் ஆடை வரலாற்றின் ஓர் ஏடு கடலிலும் எழுதப்பட்டது.

1888இல் ‘கிளைடு’ கப்பலில் இலண்டன் சென்ற இளைஞர் காந்தி, பயணத்தில் கறுப்பு உடுப்பணிந்தார். கரையிறங்கவென வெண்ணிறப் பிளானல் உடையைக் காத்து வைத்தார். கத்தியும் முள்கரண்டியும் கையாளத் தெரியாமையால் விருந்து மேசையைத் தவிர்த்து அறையிலேயே உண்டார். இறங்கியபோதோ, வெள்ளுடை அணிந்தவர் தாம் ஒருவரே எனக் கண்டு நாணினார்.

1921 செப்டம்பர் 22இல் மதுரையில் ஏழையரின் அரையாடையை ஏற்றார். 1931இல் வட்டமேசை மாநாட்டிற்கு ‘ராஜபுதானா’ கப்பலேறியபோதும் அவ்வாடையே, நாணமில்லை.

இன்று உல்லாசக் கப்பல்கள் பலவற்றில் மாலை விருந்தின் உடைவிதிகள் தளர்ந்துள்ளன. பிறர் பார்வைக்கு அஞ்சும் நம் கூச்சம் தளர்ந்ததா? பத்தாண்டு கண்ட நம் வட்டத்தார் எண்ணிப் பார்த்தல் தகும்.