அயர்வு விரிசல் கண்ட எஃகை இழைப்பட்டையால் வலுவூட்டல்

பாரம் ஏறுவதும் இறங்குவதுமாகப் பல லட்சம் முறை இழுபட்டு விரிசல் கண்ட எஃகுப் பாலங்கள், கப்பல்கள், கடல் மேடைகள் முதலியவற்றின் மேற்பரப்பில், கார்பன் போன்ற நுண்ணிழைகளைப் பிசினில் தோய்த்து இறுக்கிய மெல்லிய பட்டைகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டி, விரிசலின் வளர்ச்சியைத் தடுக்கும் சிகிச்சை முறை இது.

எஃகை ஒரே இழுப்பில் அறுப்பதற்கு வேண்டியதைவிட வெகு குறைவான பலமும், ஓயாது திரும்பத் திரும்ப வருமாயின், அதனை அறுத்துவிடும் என்பதைப் பிரஷ்ய ரயில்வேப் பொறியாளரான ஆகஸ்ட் வோலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வண்டி அச்சுகளைப் பரிசோதித்து நிரூபித்தார். அயர்வு எனப்படும் இந்த க்ஷீணத்தின் பயங்கரம் அதன் மௌனத்தில் இருக்கிறது. 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்னும் மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டதற்கு மூலம், தாங்குகுழாய் ஒன்றில் சிறு கருவியைப் பொருத்துவதற்காக இட்ட 6 மில்லிமீட்டர் பற்றவைப்பின் ஓரத்தில் பிறந்து, யார் கண்ணிலும் படாமல் வளர்ந்த விரிசலே.

விரிசலின் நுனியில் துளையிட்டு அதன் கூர்மையை மழுக்குவதும், மேலே தகடு வைத்து போல்ட்டால் முடுக்குவதும், பற்றவைப்பதும் பழைய பரிகாரங்கள். ஆனால் போல்ட்டுக்காக இடும் துளை புதிய விரிசலுக்கு வாசலாகலாம். பற்றவைப்பின் உஷ்ணமோ ஆறியபின் உலோகத்தினுள் இழுவிசையை விட்டுச் செல்கிறது. ஒட்டுப்பட்டைக்கு இவ்விரு தோஷமும் இல்லை. எடையும் எஃகில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே.

பட்டை விரிசலின் இரு கரைகளையும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு பாரத்துக்கும் வாய் திறக்க முயலும் அதனை மூடிவைக்கிறது. விரிசல் வளரும் வேகம் அதன் நுனியில் நிகழும் தகைவுச் செறிவின் வீச்சை ஏறத்தாழ மூன்றாம் அடுக்காகப் பின்தொடர்வதால், அவ்வீச்சு பாதியாகுமாயின் வேகம் எட்டில் ஒன்றாகிவிடும். சிறு உதவிக்குப் பெரும் பலன் கிடைக்கும் ரகசியம் இதுவே. சாதாரணக் கார்பன் பட்டையின் விறைப்பு எஃகின் விறைப்பை எட்டாது என்பதால், பலத்தைவிட விறைப்பே இங்கு பிரதானமாகி, விறைப்பு மிகுந்த விசேஷ இழைகளை நாட நேர்கிறது. அல்லது பட்டையை முன்கூட்டியே இழுத்துப் பிடித்து ஒட்டினால், அது சுருங்க முயன்று விரிசலை நிரந்தரமாக அமுக்கி வைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் தகடு வளைய நேர்ந்து பயன் குன்றும்.

இம்முறை முதலில் வேரூன்றியது விமானத் துறையில். 1970களில் ஆஸ்திரேலியாவில் ஆலன் பேக்கரும் அவருடைய சகாக்களும் விமானங்களின் அலுமினிய உறுப்புகளில் கண்ட விரிசல்கள்மீது போரான் இழைப் பட்டைகளை ஒட்டி வெற்றி கண்டனர்.

எனினும் இம்முறையின் ஜீவன் இழையில் இல்லை, எஃகிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டர் அளவே உள்ள பசையில்தான் இருக்கிறது. பட்டையின் முனைகளில் தகைவு குவிந்து பசை உரிவதே வழக்கமான தோல்வி. ஆகையால் மணல் போன்ற துகள்களை வீசித் துருவையும் வண்ணத்தையும் முற்றிலும் களைந்து, அந்தச் சுத்தம் மாசுறுவதற்குள் ஒட்டிவிடவேண்டும். இதில் காட்டும் சிரத்தையே அனைத்திலும் முக்கியம். கார்பன் எஃகைத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் மின்கலம்போல் இயங்கி எஃகை அரிக்குமாதலால், இடையே கண்ணாடி இழைப் படலம் ஒன்றை வைப்பதுண்டு. சாதாரண வெப்பநிலையில் இறுகும் எபாக்ஸி பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்குமாதலால், வெயிலில் காயும் பாலங்களில் இக்கணக்கை அலட்சியம் செய்ய இயலாது.

இக்காரணங்களால் பசையையே தவிர்க்கும் மார்க்கமும் தோன்றியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் முன்ஷன்ஸ்டைனில், ஈஃபலின் நிறுவனம் கட்டிய பாலம் 1891இல் ரயிலோடு இடிந்து எழுபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபின் அவ்விடத்தில் எழுந்த இரும்புப் பாலத்தை, ஆணித்தலைகள் நிறைந்த அதன் மேடுபள்ளமான பரப்பில் ஒட்ட முற்படாமல், முன்னிழுத்த கார்பன் பட்டைகளை இடுக்கிகளால் இரு முனைகளிலும் கவ்வவிட்டு எம்பா ஆய்வு நிலையத்தார் வலுவூட்டினர்.